ஐந்து சீரம், எழுநூறு ரூபாய், தை மாதக் கல்யாணம்

கேள்வி: வயது 25. ஊர் வாலாஜாபேட்டை. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை. கன்னத்திலும் தாடையிலும் பரு வந்து போன இடமெல்லாம் கருப்பாக நிற்கிறது. தை மாதக் கடைசியில் கல்யாணம். ஆன்லைன் தள்ளுபடியில் ஐந்து சீரம் வாங்கினேன்: வைட்டமின் சி, நியாசினமைடு 10 சதவீதம், சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம், சிவப்பாக இருக்கும் ஒரு பீலிங் (ஏஹெச்ஏ 30, பிஹெச்ஏ 2 சதவீதம் என்று இரண்டு வகை ஆசிட் போட்டிருக்கிறது), ரெட்டினால் 1 சதவீதம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். இப்போது தண்ணீர் பட்டாலே மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறது. இமையும் அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. அண்ணி மெடிக்கலில் வாங்கும் ஒரு ட்யூபைப் போடச் சொல்கிறார், ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகுமாம். மாதம் 700 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. பத்தாவது படிக்கும் தம்பிக்குக் கன்னத்தில் வெளுத்த தேமல் இருக்கிறது, அவனுக்கும் நியாசினமைடு போடலாமா?

பதில்: இன்று இரவு ஐந்து பாட்டிலையும் எடுத்து வையுங்கள். நான்கு வாரத்துக்கு முகத்தில் எந்த சீரமும் வேண்டாம். கல்யாணத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது, அதில் ஒரு மாதம் வீணாகிறதே என்று தோன்றும். எரிகிற தோலில் எதைப் போட்டாலும் கருப்புதான் கூடும். நம் நிறத்துத் தோலுக்கு அது ஒரு குணம்: பருவானாலும் கீறலானாலும் ஆசிட் எரிச்சலானாலும், வீக்கம் வந்த இடத்தில் நிறமிச் செல்கள் மெலனின் என்னும் கருநிறமியைக் கூடுதலாகக் கொட்டிவிட்டுப் போகும். கருப்பை எடுக்கப் போட்ட மருந்தே புதுக் கருப்பை உண்டாக்குவது இப்படித்தான்.

நடந்தது இதுதான். தோலின் மேல் அடுக்கு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, செத்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடையில் கொழுப்புப் பூச்சோடு இருக்கும். அந்தச் சிவப்பு பீலிங் ஓடுகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துவது. பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் கழுவ வேண்டியது, அதுவும் வாரம் ஓரிரு முறைக்கு மேல் கூடாதது. அதே வாரத்தில் 1 சதவீத ரெட்டினாலும் சேர்ந்தால் கீழிருந்து புதுச் செல்கள் அவசர அவசரமாக மேலே வரும், பழைய கூரையோ ஏற்கெனவே பிரிந்து கிடக்கும். அதனால்தான் வெறும் தண்ணீரே எரிகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி வேறு. இமை அரிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சீரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வேலை இல்லாத நாளில் குறைகிறது என்றால் வேலை இடத்தில் இருக்கும் எதையோ சந்தேகப்பட வேண்டும். பேஸ்டிங்கில் நீங்கள் தடவும் சொல்யூஷனில், அதாவது பசையில், ஒட்டும் தன்மைக்காகச் சேர்க்கப்படும் ஒருவகை ஃபார்மால்டிஹைடு ரெசின் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. குரோம் போட்டுப் பதனிட்ட லெதரும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளங்கைத் தோல் தடிமன், அது தாங்கிக்கொள்ளும். அதே விரலால் வியர்வையைத் துடைக்க இமையைத் தொட்டால், உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான், அங்கே அரிக்கும். பிரிந்து கிடக்கும் கூரை இதை இன்னும் எளிதாக உள்ளே விடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். இரண்டு வாரம் முகம் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டையைத் தனியாக வையுங்கள், விரல் வேண்டாம். டீ டயத்துக்கு முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் ஒட்டிய சொல்யூஷனைத் தின்னர் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தின்னர் தோலின் கொழுப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும். கையுறை கேட்டு வாங்குங்கள். மெல்லிய ரப்பர் கையுறைக்குள் கரைப்பான் ஊறிப் போகும், நைட்ரைல் கொஞ்சம் மேல், கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும். இரண்டு வாரத்தில் இமை சரியானால் விடை கிடைத்துவிட்டது. ஆகவில்லை என்றால் இஎஸ்ஐ அட்டையோடு மருத்துவரைப் பார்த்துத் தோல் பிரிவுக்கு எழுதி வாங்குங்கள். முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக ஒவ்வாமைப் பொருட்களை வைத்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. எந்தப் பொருள் என்று அதில் தெரிந்துவிடும்.

அண்ணி சொல்லும் ட்யூபைத் தொடாதீர்கள். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் க்ரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ட்யூபைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள்: மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன், குளோபெட்டசால் என்று எது இருந்தாலும் அது மருத்துவர் சீட்டோடு, சில நாட்களுக்கு மட்டும் போட வேண்டியது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும், முகத்தில் முடி வளரும், பரு கொத்தாக வரும், நிறுத்தினால் முகம் கொதிக்கும். அண்ணி இப்போது அதைத்தான் போடுகிறார் என்றால் அவரையும் சட்டென்று நிறுத்தவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி உங்கள் பாட்டில்கள்.

வைட்டமின் சி-யை ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறமில்லாமலோ இளவெயில் போல லேசான மஞ்சளாகவோ இருந்தால் பிழைத்தது. டீ டிக்காக்‌ஷன் மாதிரி இருந்தால் கெட்டுவிட்டது. எல் அஸ்கார்பிக் ஆசிட், அதாவது சுத்தமான வைட்டமின் சி, காற்றும் சூடும் பட்டால் கெட்டுப்போகும் சரக்கு. வேலூர்ப் பக்கத்து வெயிலில் கூரியர் பையில் ஒரு பகல் அலைந்த பாட்டிலைக் குறைசொல்லிப் பயனில்லை. பட்ஜெட் 700 ரூபாய் என்றால் வைட்டமின் சி உங்கள் பட்டியலில் வேண்டியதே இல்லை.

பீலிங் வேண்டாம். வீட்டில் போட்டுக்கொள்ள நம் தோலுக்கு 30 சதவீதம் அதிகம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ரெட்டினாலும் வேண்டாம், அதற்குக் காரணம் இரண்டு. முதல் முறை ரெட்டினால் போடுகிறவர்கள் 0.2, 0.3 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம், 1 சதவீதம் எடுத்ததும் போடக்கூடியதல்ல. இரண்டாவது, கல்யாணம் முடிந்து குழந்தைக்குக் காத்திருக்கும் காலத்தில் ரெட்டினால் வகை எதுவும் கூடாது. ஐந்தாம் மாதத்தில் நிறுத்த வேண்டியதை இப்போது பழக்குவானேன்.

மிஞ்சுவது நியாசினமைடும் சாலிசிலிக்கும். இரண்டும் நல்ல சரக்கு. நியாசினமைடு, நிறமிச் செல்லில் உண்டான மெலனின் மேல் அடுக்குச் செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கும், எண்ணெய்ப் பசையையும் கொஞ்சம் அடக்கும். சாலிசிலிக் எண்ணெயில் கரையும் என்பதால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை எடுக்கும். 30 மில்லி பாட்டிலில் சுமார் 600 சொட்டு இருக்கும். நாளுக்கு 4 சொட்டு என்றால் 150 நாள், தை வரைக்கும் இன்னொரு பாட்டில் வாங்க வேண்டியதில்லை. பாட்டிலில் மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6 எம், 12 எம் என்று இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம், திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் நான்கு வாரம் செய்ய வேண்டியது மூன்றே வேலை.

கழுவுவது. குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம். அது காரம், பிஹெச் 9, 10 இருக்கும், தோலுக்கு வேண்டியது 5 பக்கம். உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று படியுமே, அதே படலம்தான் முகத்திலும் தங்கி வறட்டி இழுக்கும். சோப்பு இல்லாத மைல்டு க்ளென்சருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இரவு ஒரு முறை மட்டும் அதைப் போடுங்கள், காலையில் வெறும் தண்ணீர் போதும். டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை எல்லாம் இப்போதைக்கு சமையலறையிலேயே இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துவிடும்.

மாய்ஸ்சரைசர். வாசனை இல்லாத, கிளிசரினோ செராமைடோ உள்ள ஜெல் அல்லது லோஷன். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே சுண்டைக்காய் அளவு, காலையும் இரவும். முகம் எண்ணெய் வழிகிறது, எதற்கு மாய்ஸ்சரைசர் என்று கேட்பவர்கள் அதிகம். எண்ணெய் சுரப்பது வேறு, கூரையில் ஓட்டை இருப்பது வேறு. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் நாளில் நெற்றியோரம் வழியாமல் துணி கட்டுங்கள், தலையணை உறையை வாரம் ஒரு முறை துவையுங்கள். நெற்றியோரத்தில் சின்னச் சின்னதாக வரும் பருக்களில் பல அந்த எண்ணெயால் வருபவை.

மூன்றாவது சன்ஸ்க்ரீன். பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். கருப்புத் தழும்பு மங்க மங்க வெயில் அதைத் திரும்ப எழுப்பிக்கொண்டே இருக்கும், சன்ஸ்க்ரீன் இல்லாமல் போடும் சீரம் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர். எஸ்பிஎஃப் 30 சரியாகப் போட்டால் தோலை வெயிலில் வெந்து சிவக்கச் செய்யும் கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டால் 98. எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிழிந்தால் அது முகத்துக்கும் கழுத்துக்கும், சுமார் ஒன்றேகால் கிராம். பெரும்பாலோர் போடுவது இதைவிடக் குறைவு. ஒரே தடவையாகப் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும், ஒரு கோட்டைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு அடுத்ததைப் போடுங்கள். பிஏ (யுவிஏ கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் குறி) என்பதன் பக்கத்தில் மூன்று பிளஸ் குறியாவது இருக்கட்டும். கண்ணுக்கு மேல் இமையில் போடாதீர்கள், வியர்வையோடு வழிந்து எரியும், உங்களுக்கு இமை ஏற்கெனவே புண்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும் என்று எங்கும் சொல்வார்கள். வெயிலில் நிற்கிறவருக்கு அது சரி. நீங்கள் காலையில் வண்டி ஏறி, பகல் முழுக்கக் கூரைக்கடியில் இருந்து, ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர். காலையில் ஒரு முறை ஒழுங்காகப் போட்டால் வேலை நாளுக்குப் போதும். மதியம் வெளியே போனால் குடை. ஞாயிறன்று சந்தைக்கோ பத்திரிகை கொடுக்கவோ அலையும்போது மட்டும் இரண்டாம் முறை போடுங்கள். 50 கிராம் ட்யூப் நாற்பது நாள் வரும். இருசக்கர வண்டியில் போகும்போது துப்பட்டாவை இறுக்கிச் சுற்றுகிறீர்களா? தளர்வாகச் சுற்றுங்கள். வியர்வையோடு துணி உரசும் தாடையில் பரு வந்துகொண்டே இருக்கும்.

கணக்கு இப்படி வரும். விலை கடைக்குக் கடை மாறும். சன்ஸ்க்ரீன் 400 ரூபாய் வீதம் ஐந்து மாதத்துக்கு நான்கு ட்யூப், 1,600. மாய்ஸ்சரைசர் 100 கிராம் 250 வீதம் மூன்று, 750. க்ளென்சர் 100 மில்லி 250 வீதம் இரண்டு, 500. பின்னால் சொல்லப்போகும் அசெலாயிக் ஆசிட் ஒன்று, 500. ஆக 3,350. உங்கள் 700 ரூபாயை ஐந்து மாதத்துக்குப் பெருக்கினால் 3,500. முதல் மாதம் மட்டும் மூன்றையும் சேர்த்து வாங்குவதால் 900 ஆகும், ஐந்து மாதம் முடியும்போது கணக்கு சரியாகிவிடும். டோனர், ஐ க்ரீம், ஷீட் மாஸ்க், முகத்துக்கு உருட்டும் கல் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

நான்கு வாரம் முடிந்து, தண்ணீர் பட்டாலும் மாய்ஸ்சரைசர் பட்டாலும் எரியவில்லை என்றால் நியாசினமைடைத் தொடங்கலாம். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, தொடர்ந்து நான்கு நாள். சிவக்காவிட்டால் ஒன்று விட்டு ஒரு நாள் காலையில். 10 சதவீதம் சிலருக்குக் கடிக்கும், அதனால் உள்ளங்கையில் சுண்டைக்காய் அளவு மாய்ஸ்சரைசர் எடுத்து அதில் 2 சொட்டு கலந்து பூசுங்கள், அடர்த்தி குறையும். பத்து நாள் ஒத்துக்கொண்டால் தினமும் 4 சொட்டு. அதற்கு மேல் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் சன்ஸ்க்ரீன். தேய்க்கும்போது அழுக்கு மாதிரி திரி திரியாக உருண்டு வருகிறதா? அது அழுக்கல்ல. ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததைத் தேய்த்ததால் வருவது. சீரத்தைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், தேய்க்காமல் ஒற்றுங்கள்.

ஏழாம் வாரம் சாலிசிலிக். வாரம் இரண்டு இரவு, செவ்வாய், சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு. ஈரத்தில் போட்டால் வேகமாக இறங்கி எரியும். மூக்கு, முகவாய், தாடை மட்டும் போதும். இது ஆரம்பித்த சில வாரம் ஏற்கெனவே பரு வரும் இடங்களில் சின்னச் சின்னப் பருக்கள் சீக்கிரமாக வந்து சீக்கிரமாகப் போகலாம், பயப்பட வேண்டாம். எப்போதும் வராத இடத்தில் வந்தாலோ, அரிப்போடு சிவந்து தடித்தாலோ அது ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுங்கள்.

பத்தாம் வாரம் அசெலாயிக் ஆசிட் 10 சதவீதம் ஒன்று வாங்குங்கள். நீங்கள் வாங்காமல் விட்டது இதைத்தான், உங்களுக்கு அதிகம் உதவப்போவதும் இதுதான். பருவுக்கும் கேட்கும், பரு விட்டுப்போன கருப்புக்கும் கேட்கும், கர்ப்ப காலத்திலும் போடக்கூடியது, அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் தொடரலாம். சாலிசிலிக் போடாத இரவுகளில் அவரைக்கொட்டை அளவு. முதல் சில நாள் எறும்பு ஊர்வது போல் பத்து நிமிடம் இருக்கும், அடங்கிவிடும். அடங்காமல் இரவெல்லாம் எரிந்தால் ஒன்று விட்டு ஒரு நாளாகக் குறையுங்கள்.

எவ்வளவு போகும்? காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பழுப்பாக இருப்பவை மேல் அடுக்கில் இருப்பவை, தைக்குள் நன்றாக மங்கும். சாம்பலும் நீலமும் கலந்து தெரிபவை ஆழத்தில் இருப்பவை, வருடம்கூட ஆகும். விரலால் தடவினால் பள்ளமாகத் தட்டுப்படுபவை தழும்பு, அவற்றை எந்த சீரமும் நிரப்பாது. தினம் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு முறை, அதே ஜன்னல், அதே நேரம், ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பருவைக் கிள்ளினால் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

கல்யாண வாரத்தில் கவனிக்க வேண்டியது நலங்கு. சாலிசிலிக்கும் அசெலாயிக்கும் போட்டுப் பழகிய தோலில் சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பேர் சந்தனமும் மஞ்சளும் அழுத்தித் தேய்த்தால் எரியும். நலங்குக்கு ஒரு வாரம் முன்பே இரண்டையும் நிறுத்திவிடுங்கள், த்ரெட்டிங், வாக்சிங்குக்கும் அதே கணக்கு. பார்லரில் புதிதாக ஃபேஷியலோ ப்ளீச்சோ செய்வதானால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு முறை செய்து பார்த்திருக்க வேண்டும். கடைசி வாரம் எதுவும் புதிது வேண்டாம்.

தம்பிக்கு நியாசினமைடு போடாதீர்கள். வெளுத்த திட்டுக்குக் காரணம் பல. பொடிப்பொடியாகச் செதில் உதிர்ந்தால் பூஞ்சைத் தேமலாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. வறட்சியால் பிள்ளைகளுக்கு வரும் வெளுப்பாகவும் இருக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்காமல் விடக் கூடாது, அது தொழுநோயின் ஆரம்பத் திட்டு. அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டையும் பக்கத்துத் தோலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். திட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் அந்த வாரமே போக வேண்டும். முகத்தில் நரம்பு நெருக்கம் அதிகம் என்பதால் நோய் இருந்தும் உணர்ச்சி குறையாமல் இருக்கக்கூடும், ஆகவே உணர்ச்சி இருந்தாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கும், காட்பாடி அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவமனைக்கும் போகலாம். அதுவாகவே இருந்தாலும் மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். அதுவரை அந்தத் திட்டில் எதையும் தடவாதீர்கள், பார்க்கும் மருத்துவருக்கு அது இருக்கிறபடியே தெரிய வேண்டும்.